மனுவேல் கோட்டை

அக்டோபர் 22, ஞாயிறு

நடந்தது அத்தனையும் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். துபாயில் விமானம் தாமதமாகும் என்றேன், ஆனது. தங்கச்சி எமரன்சியாவுக்குக் காது அடைக்கும் என்றேன், அடைத்தது. அவளுக்கு விசா கிடைக்கும் என்றும் சொன்னேன். சரியாகச் சொல்வதென்றால் கிடைக்காது என்றுதான் சொன்னேன், மூன்று தடவை சொன்னேன். ஆனால் என் குரலைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு அதில் கிடைக்கும் என்கிற அர்த்தமும் இருந்தது தெரிந்திருக்கும்.

இந்த நோட்டைக் கொடுத்தது எங்கள் தூத்துக்குடி ஓய்வுபெற்ற கப்பல்காரர் சங்கச் செயலாளர் கபிரியேல். "மோத்தா அண்ணே, ஒம்ம வாயால கேட்டுக் கேட்டுக் காது தேஞ்சு போச்சு. இந்தத் தடவ எழுதிட்டு வாரும், டிசம்பர் கூட்டத்துல வாசிப்போம்" என்றான். பொறாமைக்காரன். இருந்தாலும் எழுதுகிறேன்.

லாசர் மோத்தா, வயது அறுபத்தெட்டு. பதினோரு வருஷம் கப்பலில் உணவுத் துறையைக் கவனித்தவன். இப்போது மால்ட்டாத் தீவில் இருக்கிறேன். இங்கே என் தங்கச்சி எமரன்சியாவின் மகள் டெல்பின், வயசானவர்கள் இல்லத்தில் நர்சாக எட்டு மாதமாக வேலை பார்க்கிறாள். அவள்தான் எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறாள்.

வந்த காரியம் இது. என் மச்சான், எமரன்சியாவின் புருஷன் மனுவேல் தல்மெய்தா, 1991-இல் நானும் அவனும் ஒன்றாக இருந்த சரக்குக் கப்பலில் காய்ச்சல் கண்டு இறந்தான். அவனை இந்த மால்ட்டாவில், கடலுக்குள் நிற்கிற மனுவேல் கோட்டைக்குள் அடக்கம் செய்தோம். கோட்டைக்கும் அவன் பெயரே அமைந்தது பாருங்கள். பக்கத்தில் நின்று மண் அள்ளிப் போட்ட சொந்தக்காரன் நான் ஒருவன்தான். முப்பத்திரண்டு வருஷமாகக் காணாத கல்லறையை என் தங்கச்சி காணப்போகிறாள். காட்டப்போவது நான்.

இன்றைக்கு இவ்வளவு போதும். கை வலிக்கிறது.

அக்டோபர் 23, திங்கள்

டெல்பின் வீடு கிசீரா என்ற ஊரில், மூன்றாவது மாடி. அடுப்படி சன்னலைத் திறந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல். அதற்கு அந்தப் பக்கம் குட்டித் தீவு, தீவின் மேல் தேன் நிறத்தில் பெரிய மதில். அதுதான் மனுவேல் கோட்டை என்றாள் டெல்பின். எனக்கு ஒன்றும் திடுக்கிடவில்லை, ஏற்கெனவே பார்த்த இடம்தானே. டீ கொஞ்சம் சிந்திவிட்டது. அந்த டம்ளர் சரியில்லை.

எமரன்சியா பையிலிருந்து கோட்டைப் படம் போட்ட தபால் அட்டையை எடுத்தாள். 91-இல் நான் கொண்டுவந்து கொடுத்தது. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். இவளுக்கு உட்காரக் கல்லறை இல்லை. அதனால் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் இந்த அட்டையைச் சாய்த்துவைத்து, அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்திருப்பாள். முப்பத்திரண்டு வருஷம். அட்டையில் கடல் இருக்கிற மூலையில் மெழுகு சொட்டிக் காய்ந்திருக்கிறது.

"அதே மதில்ண்ணே! அந்தா, ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்குல்லா, கார்டுலயும் இருக்கு பாருங்க."

"பின்ன? நா என்ன பொய்யா சொன்னேன்?"

"பொய்யின்னு யாரு சொன்னா?" என்று சிரித்தாள். "அவுங்க எந்தப் பக்கம் இருக்காவ?"

"இங்கருந்து தெரியாது. அந்தப் பக்கம்."

நாற்காலியைச் சன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். வெங்காயம் உரிப்பதும் அங்கே, செபமாலை சொல்வதும் அங்கே.

எட்டு மாதமாக இங்கே இருந்தும் டெல்பின் கோட்டைக்குள் போகவில்லையாம். "அம்மாதான் மொதல்ல பாக்கணும் மாமா. நா வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வருவேன்" என்றாள். கோட்டை தினமும் திறப்பதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து திறந்து காட்டுகிறார்களாம். அடடா, இன்னும் ஆறு நாளா என்று நான் மிகவும் வருத்தப்பட்டேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

லம்புக்கி என்றொரு மீன். குழம்பு. கோட்டை இன்றும் மூடியிருக்கிறது.

அக்டோபர் 25, புதன்

டெல்பினுக்கு விடுமுறை. தலைநகரான வல்லெத்தாவுக்குப் பஸ்ஸில் போனோம். இந்த ஊரே ஒரு கோட்டைதான். துருக்கியர் வந்து முற்றுகையிட்ட கதையைப் பஸ்ஸிலேயே சொன்னேன். நான்கு லட்சம் பேர் வந்தார்கள் என்றேன். டெல்பின் போனில் பார்த்து, நாற்பதாயிரம்கூட இராது என்றாள். போன் அந்தக் காலத்தில் இருந்ததா?

இங்கே உள்ளவர்களுக்குத் தமிழ் தெரியும். எதற்கெடுத்தாலும் "மேலா, மேலா" என்கிறார்கள். பஸ் டிரைவர் அப்படிச் சொன்னதும் நான் எழுந்து மேலே பார்த்தேன். "மாமா, அப்பிடின்னா சரி, அப்புறம்னு அர்த்தம். உக்காருங்க, சிரிக்காவ" என்றாள் டெல்பின்.

மதில் மேல் தோட்டத்தில் நிற்கும்போது சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி வெடித்தது. எமரன்சியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவுங்கள அடக்கம் பண்ணையிலயும் வெடிச்சாவளேண்ணே, இதுதானா அது?"

ஆமாம் என்றேன்.

நான் சொன்னதில் வெடி எந்த வருஷம் சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். முதல் வருஷம் வெறும் மண்ணும் மரச்சிலுவையும்தான். அடுத்த வருஷக் கல்லறைத் திருநாளில் அவள் அழுகை நிற்கவில்லை, அப்போது ஒரு சுவாமியார் வந்தார். வெள்ளைத் தாடி, லத்தீன் செபம். டெல்பின் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய வருஷம், 'எங்கப்பா கோயில் எப்படி இருக்கும் மாமா' என்று கேட்டாள். கோட்டைக்குள் அந்தோணியார் கோயிலும் அதன் நடுவே கண்ணாடித் தொங்குவிளக்கும் அப்போது வந்தன. வெடி, அவள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி 'உங்கப்பாவ மீன் தின்னுருக்கும்' என்று சொன்ன வருஷம். வெடித்தது ஒன்றல்ல, ஏழு.

ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் தேவையாக இருந்தது.

"ஒங்க கப்பல் எங்கன நின்னுது மாமா?" என்று கீழே துறைமுகத்தைக் காட்டிக் கேட்டாள் டெல்பின். நான் ஒரு பக்கம் கையைக் காட்டினேன். அங்கே பாய்மரப் படகுகளாக நின்றன. "எல்லாத்தையும் மாத்திட்டானுவ" என்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

அடுப்படிக் குழாய் ஒழுகியது. கப்பலில் எத்தனை குழாய் பார்த்தவன் நான்! கழற்றினேன். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, ஆனால் முன்னைவிட மெதுவாக.

குழாயடியில் நான் படுத்திருக்கும்போது எமரன்சியா ஒரு தகர டப்பாவைக் கழுவிக் காயவைத்தாள். பிஸ்கட் டப்பா. எதற்கு என்று கேட்டேன்.

"மண்ணுக்குத்தான். அவுங்க மண்ணு."

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாக ஆறடி இடம் கேட்டு வாங்கியிருக்கிறாளாம். பங்குச் சாமியிடம் பேசிவிட்டாளாம். இந்த மண்ணைக் கொண்டுபோய் அங்கே வைத்து, மேலே ஒரு கல், கல்லில் இருவர் பெயரும்.

"நா போனாலும் அதுலதான் வைக்கச் சொல்லிருக்கேன். கல்யாணம் முடிஞ்சி அஞ்சு வருசத்துல அவுங்க கூட இருந்தது மொத்தமே பதினாலு மாசம்ண்ணே. மிச்சத்தையாவது சேந்து கெடக்கணும்லா."

நான் குழாயை இறுக்குவதில் கவனமாக இருந்தேன்.

"டெல்பினும் சும்மா வரல. அயர்லாந்துலயிருந்து வேலைக்குக் கடுதாசி வந்துச்சு, பெரிய ஆஸ்பத்திரி. எங்கப்பா கெடக்க ஊருக்குத்தான் போவேன்னு இங்க வந்துட்டா. நீங்க சொன்ன ஒத்த வார்த்தைக்காக."

அது எனக்குத் தெரியாது. அயர்லாந்து விஷயத்தை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 28, சனி

எனக்குக் கடுமையான வயிற்றுவலி. லம்புக்கி ஒத்துக்கொள்ளவில்லை போலும். நாளைக்குள் சரியாகாது, நாளை நான் எழுந்து நடப்பது கடினம் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எமரன்சியா ஓமம் வறுத்துக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டாள். "நீங்க இல்லாம நாங்க போயி என்னத்தண்ணே பாக்க? எடம் தெரிஞ்சது நீங்க ஒருத்தருதான. வலி நிக்கலன்னா அடுத்து எப்பத் தொறக்காவளோ அப்பப் போவோம். நா முப்பத்திரண்டு வருசம் காத்திருந்தவ" என்றாள்.

கஷாயத்தைக் குடித்தேன். வலி சரியாகிவிட்டது.

அக்டோபர் 29, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து நடந்தே போனோம். எமரன்சியா கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நீலக்கரைச் சேலை கட்டியிருந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் வாத்துகள். அந்த வாத்துகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். டெல்பின் "மாமா, வாங்க" என்றாள். தீவின் இன்னொரு ஓரத்தைப் பற்றிப் பேசினேன். "மாமா, வாங்க."

அகழி மேல் பாலம், பெரிய வாசல். உள்ளே போனால் நாலு பக்கமும் கட்டடங்கள் சூழ்ந்த கல் பாவிய முற்றம். ஒரு கட்டடத்தின் மேல் சிலுவை.

"அந்தோணியார் கோயிலாண்ணே?"

டெல்பின் பலகையை வாசித்தாள். "ஆமாம்மா. பதுவை அந்தோணியார் கோயில்."

அந்தோணியார் நான் போட்ட பெயர். எங்கள் தெருக் கோயில் பெயரைப் போட்டேன். அது இங்கே உண்மையாகவே இருக்கிறது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் சொன்னதெல்லாம் நடந்திருக்குமோ, நான்தான் மறந்துவிட்டேனோ என்று நினைத்தேன். தைரியம் வந்துவிட்டது. "நான் சொல்லல?" என்று சத்தமாகவே சொன்னேன்.

சுற்றிக்காட்டுகிறவர்களில் ஒரு பெரியவர், பெயர் சால்வு, எங்கள் கூடவே வந்தார். வெள்ளை மீசை, தொப்பி, வாக்கியத்துக்கு ஒரு மேலா. அவர் சொல்வதை டெல்பின் எங்களுக்குச் சொன்னாள். கோட்டையைக் கட்டிய, அப்போது தீவை ஆண்ட தலைவர் அந்தோனியோ மனுவேல் என்கிற போர்த்துக்கீசராம். "நமக்கு மோத்தா, தல்மெய்தான்னு பேரு வச்சவங்கல்லா!" என்று எமரன்சியா சந்தோஷப்பட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கனண்ணே?"

நான் நடந்தேன். கால் போன பக்கம் நடந்தேன் என்பதே சரி. கோயிலுக்குப் பின்னால், மதிலோரமாகக் கொஞ்சம் மண் தரை இருந்தது. கல்லின் வெடிப்பிலிருந்து உருண்டை இலைச் செடி ஒன்று தொங்கியது. அங்கே நின்றேன்.

"இங்கதான்."

"சிலுவை?"

"மரம்தான. உளுத்துப் போயிருக்கும்."

அவள் செருப்பைக் கழற்றினாள். உட்காரப் போனவள் நிமிர்ந்து கேட்டாள். "எந்தப் பக்கம்ண்ணே தல?"

நான் எதிர்பார்க்கவே இல்லை. எத்தனையோ வருஷம் எத்தனையோ கேட்டிருக்கிறாள், இதைக் கேட்டதில்லை. "அந்தப் பக்கம்" என்று கிழக்கே காட்டினேன். இரண்டடி நகர்ந்து அந்தப் பக்கமாக உட்கார்ந்து, தரையில் கையை வைத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

"நா வந்துட்டேன். பிள்ளையும் வந்துருக்கு, பாருங்க. நர்சு வேல. ஒங்கள மாதிரியே நெட்ட. எனக்குத்தான் முட்டு வலி, ரொம்ப நேரம் இருக்க முடியாது. ஓட்டு வீட்டை இடிச்சு மாடி கட்டிட்டோம், ஒங்க சட்ட ஒண்ணு இன்னும் இருக்கு. அண்ணந்தான் கூட்டியாந்தாவ. அண்ணன் இல்லன்னா ஒங்கள எங்கன தேடுவேன் நா?"

மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. சால்வு தன் தொப்பியைக் கழற்றி அதற்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, செபம் முடியும்வரை குனிந்தே நின்றார். பிறகு எமரன்சியா கரண்டியால் மண்ணைக் கிளறி டப்பாவில் போட்டாள். பெரிய கல்லையெல்லாம் பொறுக்கி, ஊதி, பக்கத்தில் வைத்தாள்.

சால்வு டெல்பினைத் தனியே கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவள் சொன்னாள். அவர் எமரன்சியாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரொம்ப மெதுவாகப் பேசினார். மேலா சொல்லவே இல்லை.

திரும்பி வரும்போது எமரன்சியா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனாள். டெல்பின் என் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, அந்தத் தொங்குவிளக்கு எங்கன தொங்குச்சு?"

"கோயில் நடுவுல."

"அப்பம் கூரையே கெடையாதாம் மாமா. ஒலகச் சண்டையில, நாப்பத்திரண்டுல, குண்டு போட்டு இடிஞ்ச கோயிலாம். நீங்க சொல்லுத வருசத்துல இங்கன கல்லும் புல்லுந்தான் கெடந்துச்சாம். இப்பம்தான் எடுத்துக் கட்டிருக்காவ. இங்க ஒருத்தரையும் பொதைக்கலன்னு அந்தத் தாத்தா சொல்லுதாரு. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்னு அவரே சொல்லிட்டாரு."

வாத்துகள் இப்போதும் அங்கேதான் இருந்தன.

அக்டோபர் 30, திங்கள்

டெல்பின் மொட்டைமாடியில் துணி காயப்போட்டாள். நான் கிளிப் எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பா எங்க மாமா?"

மூன்று வயதில் இதே கேள்வியைக் கேட்டவள். அன்றைக்குக் கோட்டை என்று சொன்னேன்.

"கடல்ல."

"எந்தக் கடல்ல?"

"இந்தக் கடல்தான் மக்களே. கெழக்க. போர்ட் சயீது தாண்டி ரெண்டாம் நாளு."

போர்வையை உதறி, கயிற்றில் போட்டு, ஓரம் சரிபார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "எட்டு மாசமா டெய்லி வேல முடிஞ்சு அந்தப் பாலத்துல போயி நிக்கேன். யாருட்ட மாமா பேசிக்கிட்டு இருந்தேன் நா?"

என்னிடம் கிளிப்தான் இருந்தது, கொடுத்தேன்.

"அம்மாட்ட நீங்களே சொல்லணும். கல்லறைத் திருநாளுக்குள்ள. நா சொன்னா நம்பாது. நீங்க சொன்னா எதையும் நம்பும்." கடைசி வார்த்தைகளை அவள் திட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை. உள்ளபடி சொன்னாள்.

உள்ளபடி நானும் எழுதுகிறேன். கபிரியேல், இந்தப் பக்கம் கூட்டத்துக்கு இல்லை.

எங்கள் கப்பல் மால்ட்டாவில் நிற்கவே இல்லை. மச்சான் இறந்த மறுநாள் காலை அவனைக் கித்தான் துணியில் வைத்துத் தைத்து, காலடியில் இரும்பு கட்டி, பலகையில் கிடத்திக் கடலில் இறக்கினார்கள். எல்லாரும் மேல்தளத்தில் நின்றார்கள். சொந்தக்காரன் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள், பலகையில் கை வைக்க. இரண்டு தடவை ஆள் வந்தது. நான் போகவில்லை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உணவுத் துறை என்று மேலே எழுதினேனே, அது இதுதான், வெங்காயமும் உருளைக்கிழங்கும். அன்றைக்குத் தேவைக்கு மேலே ஒரு மூட்டை உரித்தேன். இயந்திரத்தை நிறுத்தினார்கள், சத்தம் அடங்கியது. பிறகு மறுபடியும் ஓட்டினார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோவாக்காரர் ஒருவர் செபம் சொன்னாராம்.

இரண்டு நாள் கழித்துத் தூரத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. மால்ட்டா என்றார்கள். அந்தக் கோவாக்காரர் படுக்கைக்கு மேல் இந்த அட்டை ஒட்டியிருந்தது. கீழே கோட்டையின் பெயர். எட்டாம் வகுப்புவரை படித்தவன் எழுத்துக் கூட்டி வாசித்தேன். எம், ஏ, என், ஓ, ஈ, எல். மனுவேல். கேட்டு வாங்கிக்கொண்டேன்.

காப்டன் கொடுத்த ஆங்கிலக் கடிதத்தை ஊரில் நான்தான் வாசித்துச் சொன்னேன். கடலில் என்று அதில் இருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். எமரன்சியா தரையில் உட்கார்ந்து, "எங்க வச்சிய? எங்க வச்சியண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ வைத்தாயா, பக்கத்தில் நின்றாயா என்று கேட்கிற மாதிரியே என் காதில் விழுந்தது. சட்டைப்பையில் அட்டை இருந்தது. கடிதத்தைப் பிறகு கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். கரையானுக்குப் பாவம் ஒன்றும் தெரியாது.

அவளுக்காகச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

சொல்லவில்லை. குழாயைச் சரிசெய்ய ஆள் வந்தார்.

நவம்பர் 1, புதன்

சகல பரிசுத்தவான்கள் திருநாள். பூசை முடிந்ததும் எமரன்சியா டப்பாவோடு சுவாமியாரிடம் போனாள். டெல்பின் என்னைப் பார்த்தாள், நான் பீடத்தைப் பார்த்தேன். டெல்பினே ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதாயிற்று, "மண்ணை மந்திரிச்சுக் குடுங்க" என்று. கணவர் மண் என்று சொல்லாமல் வெறும் மண் என்று சொன்னாள். சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். ஒரு சொட்டு என் கையிலும் விழுந்தது.

சாப்பிடும்போது டெல்பின் என்னிடம் உப்பைக்கூடக் கேட்கவில்லை. எட்டி அவளே எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். கோட்டை மூடியிருக்கும், வாசலிலாவது மெழுகுவத்தி வைப்போம் என்றாள் எமரன்சியா. டெல்பின் வேலைக்குப் போய்விட்டாள், வேண்டுமென்றே. நாங்கள் இருவரும் போனோம். கையில் டப்பாவும் இருந்தது.

அகழிக்கு முன்னால் கடலைப் பார்த்தபடி ஒரு கல்திண்டு. உட்கார்ந்தோம். அவள் தீப்பெட்டியை எடுத்தாள்.

"எமரி, கொளுத்தாத."

"ஏண்ணே, காத்தா?"

"மச்சான் உள்ள இல்ல."

அவள் சிரித்தாள். நான் மறுபடியும் கதை சொல்ல ஆரம்பிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் சொன்னேன். கித்தான், இரும்பு, பலகை. அட்டை எப்படிக் கிடைத்தது. வெள்ளைத்தாடி சுவாமியார் இல்லை. விளக்கு இல்லை. வெடி இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதில்லை.

தீக்குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். பிறகு கேட்டாள்.

"அவுங்கள எறக்கையில நீங்க பக்கத்துல நின்னியளா?"

நின்றேன் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. கை வைத்தேன், பலகையைப் பிடித்தேன், என் கையாலேயே இறக்கினேன், உன் பெயரைச் சொல்லி அனுப்பினேன். எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இவ்வளவு நன்றாக ஒரு தடவையும் வந்ததில்லை.

"இல்ல."

"ஏன்?"

"பயந்துட்டேன். கீழ வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன்."

"அப்பம் நம்மாளு ஒருத்தர்கூட இல்ல."

"இல்ல."

எமரன்சியா டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தாள். பொறுக்கிப் பொறுக்கி அள்ளிய மண். அதை எடுத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போனாள். முட்டு வலிக்காரி, பாசி படிந்த கல், பிடிக்க நான் எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். மண்ணைக் கடலில் கொட்டவில்லை. கரையிலேயே, செடிக்கடியில் கொட்டினாள். பிறகு டப்பாவை அலையில் கழுவினாள், இரண்டு தடவை. கழுவிவிட்டு அதில் கடல் தண்ணீரை மொண்டு மூடினாள். அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

பக்கத்தில் வந்து நின்று என் தோளில் கை வைத்தாள். "போட்டும்ண்ணே. எனக்காகத்தான சொன்னிய" என்றாள்.

நான் அழுதேன். இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தோம்.

நவம்பர் 5, ஞாயிறு

நாளை மறுநாள் கிளம்புகிறோம். தண்ணீரை விமானத்தில் கையில் கொண்டுபோக விடமாட்டார்களாம். டெல்பின் அதை ஒரு பாட்டிலுக்கு மாற்றி, துணியால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஆறடி இடத்துக்கு அதுதான் போகிறதாம். டெல்பின் சொல்லித்தான் தெரியும்.

எமரன்சியா சமைக்கிறாள். என் தட்டில் மீனின் நடுத்துண்டை வைக்கிறாள், எப்போதும்போல. குழம்பு ஊற்றுகிறாள். நான் போதும் என்கிறவரை ஊற்றுகிறாள். நாற்காலியைச் சன்னலிலிருந்து எடுத்து மேசையடியில் போட்டுவிட்டாள். மூன்று நாளாக நான் இந்த வீட்டில் துருக்கியர் கதை சொல்லவில்லை, வாத்துகளைப் பற்றிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வியாழக்கிழமை எழுதியதை இன்று எடுத்து வாசித்தேன். மண், தண்ணீர், வெங்காயம், அவள் கேட்டது, நான் சொன்னது எல்லாம் நடந்தபடியே இருக்கின்றன. ஒன்று மட்டும் அப்படி இல்லை. தோளில் கை வைத்து, 'போட்டும்ண்ணே, எனக்காகத்தான சொன்னிய' என்று எமரன்சியா சொன்னதாக எழுதியிருக்கிறேன். அது நான் சேர்த்தது. மேலே ஏறி வந்தவள் என்னைத் தாண்டிப் பாலத்தைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் போனேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.